எப்படியும் பிழைக்கப் போவதில்லை என்றால் அந்தச் செய்முறை எதற்கு?

தண்டையார்பேட்டை வாசகர் | 2 செப்டம்பர் 2025, இரவு 9.40

என் அம்மா இம்மாதம் 21ஆம் தேதி முதன்முறையாக விமானம் ஏறுகிறார். தங்கைக்குச் சிங்கப்பூரில் பிரசவம், துணைக்குப் போகிறார். ஜூன் மாதம் அகமதாபாத்தில் 242 பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து அவருக்குச் சரியாக உறக்கமில்லை. விமானம் விழுந்தால் எவரும் பிழைக்கப் போவதில்லை என்பதே என் எண்ணம். அப்படியிருக்க, புறப்படும் முன் பணிப்பெண்கள் நின்றுகொண்டு கையைக் காட்டிச் செய்யும் அந்தப் பாதுகாப்புச் செய்முறை யாருக்காக? அது வெறும் சடங்கு என்று நான் சொல்கிறேன். கேபின் க்ரூவாக இருந்த காசிமேட்டு அக்கா இதைப் படித்தால் பதில் எழுதட்டும்.

2 செப்டம்பர், இரவு 11.15

தம்பி, இருபத்திரண்டு ஆண்டுகள் அந்தச் சடங்கைச் செய்தவள் என்ற முறையில், நீங்கள் எழுதியதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதி தவறு. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1983 முதல் 2000 வரை அந்நாட்டு விமான நிறுவனங்களுக்கு நேர்ந்த விபத்துகளை எண்ணிப் பார்த்தபோது, அவற்றில் சிக்கியவர்களில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் உயிர் பிழைத்திருந்தனர். டோக்கியோவின் ஹனேடா நிலையத்தில் 2024 ஜனவரி 2 அன்று, தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தின் மீது மோதித் தீப்பிடித்தது. பெரிய விமானம் முழுவதும் எரிந்து போயிற்று. அதிலிருந்த 379 பேரும் 90 விநாடிகளில் வெளியேறிவிட்டனர். அகமதாபாத்தைப் பற்றி எழுத மனம் வரவில்லை. மற்றவை நாளை.

3 செப்டம்பர், காலை 6.50

உறக்கக் கலக்கத்தில் எழுதிய குறிப்பில் இரண்டு பிழைகள்.

முதலாவதை இராயபுரத்திலிருந்து ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். அந்த 95 சதவீதக் கணக்கில், நடுவானில் விமானம் குலுங்கியதில் யாரோ ஒருவருக்குக் கால் முறிந்த சம்பவங்களும் விபத்து என்றே சேர்க்கப்பட்டிருக்கின்றன. தீயும் பலத்த சேதமும் கண்ட கடுமையான விபத்துகளை மட்டும் தனியே பிரித்தால், பிழைத்தவர்கள் பாதிக்குச் சற்று மேல்தான். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். ஆயினும் பாதி என்பதும் உங்கள் "எவரும் பிழைக்கப் போவதில்லை" என்ற முடிவிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது.

இரண்டாவதை நானே கண்டுபிடித்தேன். ஹனேடாவில் 90 விநாடிகளில் எல்லோரும் இறங்கவில்லை. தரையிறங்கியதிலிருந்து கடைசி ஆள் வெளியே வர ஏறத்தாழ 18 நிமிடங்கள் ஆயின. எட்டுக் கதவுகளில் மூன்றைத்தான் திறக்க முடிந்தது, ஒரு எஞ்சின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது, அறிவிப்புக் கருவியும் வேலை செய்யவில்லை. பணியாளர்கள் மெகாஃபோனிலும் தொண்டையிலும்தான் 367 பயணிகளை நடத்தினர். எந்தக் கதவுக்கு வெளியே தீ இல்லை என்று பார்த்துத் தெரிந்துகொள்ளும் வரை அத்தனை பேரும் புகைக்கு நடுவே காத்திருந்தார்கள். 90 விநாடிகள் என்று நான் எழுதியதை விட இந்த 18 நிமிடங்கள்தான் எனக்குப் பெரிதாகப் படுகின்றன.

3 செப்டம்பர், பிற்பகல் 2.30

அப்படியானால் 90 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறார்கள். 44 இருக்கைகளுக்கு மேற்பட்ட விமானத்துக்குச் சான்று பெற வேண்டுமானால், நிறைந்த கூட்டத்தோடு, பாதிக் கதவுகளை மட்டும் பயன்படுத்தி, இரவுக்குரிய இருட்டில் எல்லோரும் 90 விநாடிகளுக்குள் வெளியேற முடியும் என்று தயாரிப்பாளர் காட்டியாக வேண்டும். எந்தக் கதவு திறக்கும் என்பது பங்கேற்பவர்களுக்கு முன்கூட்டித் தெரியாது. 50 வயதைக் கடந்தோரும் அவர்களுள் இருக்க வேண்டும். 2006ஆம் ஆண்டு ஹாம்பர்க் நகரில் ஏர்பஸ் ஏ380 இச்சோதனைக்கு உட்பட்டபோது 873 பேர் 78 விநாடிகளில் இறங்கினர். ஒருவருக்குக் கால் முறிந்தது.

சோதனைக்கும் உண்மைக்கும் இடையே உள்ள தூரத்தை 1985 ஆகஸ்ட் 22 அன்று மான்செஸ்டர் காட்டியது. புறப்பட ஓடிக்கொண்டிருந்த போயிங் 737இன் இடது எஞ்சின் வெடித்துத் தீப்பிடிக்க, விமானம் தரையிலேயே நின்றுவிட்டது. அது பறக்கவே இல்லை, விழவும் இல்லை. ஆனால் 137 பேரில் 55 பேர் இறந்தனர், பெரும்பாலோர் புகையால். இறக்கைக் கதவருகே அமர்ந்திருந்த பயணிக்கு அதைத் திறக்கும் விதம் தெரியவில்லை. முதலில் கைப்பிடி என்று நினைத்து இருக்கையின் கைதாங்கியை இழுத்தார். பிறகு திறந்தபோது, இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள அந்தக் கதவு அவர் மடியிலேயே சாய்ந்தது. இன்று அவசரக்கதவு வரிசையில் அமர்பவரிடம் பணியாளர் தனியே வந்து குனிந்து பேசுகிறாரே, அதைக் காதில் கருவி மாட்டிக்கொண்டு தலையாட்டுகிறவர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைதாங்கி நினைவுக்கு வரும்.

4 செப்டம்பர், காலை 8.05

சிறு குறிப்பு. விமானத்தில் உணவு தயாரிக்கும் இடத்தைத் தமிழில் நாங்கள் எப்படி எழுதுவோம் என்று கேட்டவருக்கு: "galley" என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே எழுதினால் "கேலி" என்று ஆகிவிடும். சேவை தாமதமாகும் நாட்களில் அதுவே பொருத்தம்.

5 செப்டம்பர், இரவு 10.20

இன்று பைகளைப் பற்றி எழுதப் போகிறேன். கோபமாகவே எழுதப் போகிறேன்.

2016 ஆகஸ்ட் 3 அன்று திருவனந்தபுரத்திலிருந்து சென்ற எமிரேட்ஸ் விமானம் துபாய் ஓடுபாதையில் வயிற்றால் மோதிச் சறுக்கி நின்றது. உள்ளே புகை சூழ்ந்துகொண்டிருந்தபோது பயணிகள் மேலே இருந்த பெட்டியைத் திறந்து பைகளை இறக்கிய காட்சி ஒருவரின் கைப்பேசியில் பதிவாகி உலகமெங்கும் ஓடியது. பணியாளர்கள் தொண்டை கிழியக் கத்துவதும் அதில் கேட்கிறது. விமானத்தில் இருந்த 300 பேரும் உயிர் தப்பினர். விமானம் நின்று ஒன்பது நிமிடங்கள் ஆனபோது எரிபொருள் தொட்டி வெடித்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்தார். அந்த ஒன்பது நிமிடங்களை நினைத்துக்கொண்டு உங்கள் பையைப் பாருங்கள்.

ஒருவர் பையை இறக்க ஐந்து விநாடிகள் என்று வைத்துக்கொண்டால், அவருக்குப் பின்னால் நிற்கும் முப்பது பேரும் ஐந்து ஐந்து விநாடிகள் இழக்கிறார்கள். பையின் இரும்பு முனை, கதவிலிருந்து தரைவரை காற்றால் உப்பி விரியும் சறுக்குப்பாதையான ஸ்லைடைக் கிழித்தால் அந்தக் கதவே போயிற்று.

நம் ஊர்ப் பழக்கம் இது. இராயபுரத்தில் 1856இல் இரயில் நிலையம் திறந்த நாளிலிருந்து, வண்டி நிற்கும் முன் எழுந்து பையோடு வாசலில் நிற்க ஏறத்தாழ 170 ஆண்டுகளாகப் பயிற்சி எடுத்திருக்கிறோம். விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் விமான நிலையத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. அதிலும் நங்கநல்லூர் தாண்டியதும் பாதிப் பெட்டி எழுந்து நிற்கிறது. அதே கால்கள்தான் விமானத்தின் சக்கரம் தரையைத் தொட்ட கணத்திலும் எழுகின்றன.

6 செப்டம்பர், மாலை 5.40

நேற்றைய குறிப்பை மீண்டும் படித்தேன். கணக்கு சரி, கோபம் சரியில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், வளைகுடாவிலிருந்து இரவில் வந்த விமானம் தரையிறங்கி நின்றதும் பின்பகுதியில் புகை நெடி அடித்தது. ஸ்லைடை விரிக்கும் அளவுக்குப் போகவில்லை. படிக்கட்டு வந்திருந்ததால் எல்லோரும் எதையும் எடுக்காமல் உடனே இறங்க வேண்டும் என்று ஆணை வந்தது. என் பகுதியில் எண்ணூர்க்காரர் ஒருவர், வெல்டர், மேலிருந்த பையை விடவே மறுத்தார். நான் அதைப் பிடுங்கி இருக்கை மேல் எறிந்து அவரை முதுகில் தள்ளி இறக்கினேன். விதிப்படி அது சரி. இன்றும் அதையே செய்வேன். பிறகு பேருந்தில் அவர் என் அருகில் வந்து, கோபமே இல்லாத குரலில், "மேடம், பாஸ்போர்ட்டும் நாலு வருஷத்துச் சம்பளக் கணக்கும் அதுலதான் இருக்கு" என்றார். பை அவருக்கு இரண்டு மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. அந்த இரண்டு மணி நேரமும் அவர் நின்றுகொண்டே இருந்தார்.

அவரைப் பேராசைக்காரர் என்று எண்ணியிருந்தேன். அவருடைய பயம் என்னுடைய பயத்தை விட வேறு இடத்தில் இருந்தது, அவ்வளவுதான். "பையை விடுங்கள்" என்று மட்டும் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி, கதவு மூடும் முன்பே சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை விட்டுவிடுகிறது: விட முடியாதது எதுவோ அது உடம்போடு இருக்கட்டும்.

என் அப்பா விசைப்படகில் டிரைவர். கடலுக்குப் போகும்போது அடையாள அட்டையையும் பணத்தையும் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, மடியில் செருகி, மேலே ஒரு கயிறும் கட்டிக்கொள்வார். படகு கவிழ்ந்தால் கையை நீச்சலுக்கு விட வேண்டும் என்பார். அவரைப் பார்த்து வளர்ந்த எனக்கு, பத்தாயிரம் முறை செய்முறை காட்டியும் இது தோன்றவில்லை.

8 செப்டம்பர், காலை 7.10

"தள்ளி இறக்கினேன்" என்று எழுதியதற்கு மரியாதை குறித்துப் பெரம்பூர் ஆசிரியர் ஒருவர் வருந்தியிருக்கிறார். இது நானும் நெடுநாள் யோசித்த செய்தி.

ஆபத்தில் பணியாளர் கொடுக்கும் கட்டளை மிகச் சிறியதாக, உரத்ததாக, ஒரே சொல்லாக இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் அதற்கு மரியாதைச் சிக்கல் இல்லை. தமிழிலோ "வாங்க", "குதிங்க", "பையை விடுங்க" என்று சொன்னால் அது வேண்டுகோளாகிவிடுகிறது. வேண்டுகோளுக்கு மனிதர்கள் பதில் சொல்ல நிற்பார்கள். "வா! குதி! ஓடு!" என்றால் கால் முதலில் நகரும், மானம் பிறகுதான் வரும். நான் பயிற்சி பெற்றது ஆங்கிலத்திலும் இந்தியிலும். சென்னையிலிருந்து ஏறும் கூட்டத்தில் அவ்விரண்டும் தெரியாத பாட்டிகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தபின், இந்த மூன்று சொற்களையும் நானே வீட்டு மொட்டை மாடியில் கத்திப் பழகினேன். பக்கத்து வீட்டார் எங்கள் வீட்டில் சண்டை என்று நினைத்தனர். வடசென்னைப் பேச்சு மரியாதை அற்றது என்று பழிப்பவர்களுக்கு, அது எங்கே உயிர் காக்கும் என்பதைக் காட்ட எனக்கு ஓர் இடம் கிடைத்தது.

8 செப்டம்பர், இரவு 9.00

புறப்படும்போதும் இறங்கும்போதும் பணியாளர்கள் ஜம்ப் சீட் எனும் தங்கள் மடக்கு இருக்கையில் கைகளைத் தொடையின் கீழ் வைத்துக்கொண்டு ஏன் சிலைபோல் அமர்கிறார்கள் என்ற கேள்விக்கு: மோதினால் கைகள் வீசி முறியாதிருக்க. அந்த நேரத்தில் நாங்கள் மனதுக்குள் ஓர் ஒத்திகை பார்ப்போம். இப்போது தீ என்றால் எந்தப் பக்கம் பார்ப்பேன், கதவை எப்படித் திறப்பேன், எந்தப் பயணி உதவுவார், யாருக்கு உதவி தேவை. விளக்குகளைக் குறைப்பது வெளி இருட்டுக்குக் கண் பழக; ஜன்னல் மறைப்பைத் திறக்கச் சொல்வது வெளியே தீ தெரிய. ஓய்வு பெற்று ஆறு ஆண்டுகள் ஆகியும் மெட்ரோவில் அமர்ந்தால் என் கைகள் தாமாகவே தொடைக்கடியில் போகின்றன.

10 செப்டம்பர், பிற்பகல் 3.15

நடுவானில் யாராவது கதவைத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்று பயப்படும் வாசகருக்கு. 2022 டிசம்பர் 10 அன்று, சென்னையில் திருச்சிக்குப் புறப்படத் தயாராக நின்ற விமானத்தில் ஒரு பயணி அவசரக்கதவைத் திறந்துவிட்டார். சோதனைகள் முடிந்த பிறகே விமானம் புறப்பட்டது. அது தரையில். உயரத்தில் பறக்கும்போது உள்ளழுத்தம் கதவின் மீது பல டன் விசையாக அழுத்துவதால் எந்தப் பயில்வானாலும் அதைத் திறக்க முடியாது. தரைக்கு அருகில் அழுத்த வேறுபாடு கரைந்துவிடும். 2023 மே 26 அன்று தென்கொரியாவின் தேகு நகருக்கு மேலே சுமார் 200 மீட்டர் உயரத்தில் ஒருவர் திறந்தே விட்டார். விமானம் பத்திரமாக இறங்கியது. ஆகவே பெல்ட் விளக்கு அணையும் வரை பெல்ட்டைக் கழற்றாதீர்கள்.

12 செப்டம்பர், இரவு 8.45

பெல்ட் என்றதும் என் இடது முழங்கையில் இருக்கும் தழும்பு நினைவுக்கு வந்தது. போர்ட் பிளேர் செல்லும் காலை விமானம், ஐப்பசி மாதம். பைலட் பணியாளர்களை அமரச் சொன்னார். நான் அமர்ந்திருக்க வேண்டும். ஒரு பெரியவர் மாத்திரை போட வேண்டும், சூடாகத் தேநீர் கொடு என்றார். ஒரு நிமிடம்தானே என்று ஊற்றினேன். விமானம் சட்டென்று கீழே இறங்கியது. தேநீர் மேலேயே நின்று பிறகு என் கை மேல் வந்தது. அந்த நிறுவனம் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தது. அன்று அதை அநியாயம் என்று அழுதேன். இப்போது, பெரியவர் மீது ஊற்றாமல் என் மீது ஊற்றியது என் அதிர்ஷ்டம் என்று தோன்றுகிறது.

2024 மே 21 அன்று இலண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற விமானம் இத்தகைய குலுக்கலில் சிக்கிப் பாங்காக்கில் இறங்கியது. ஒருவர் இறந்தார், பலர் முதுகெலும்பும் தலையும் அடிபட்டு மருத்துவமனை சேர்ந்தனர். உங்கள் அம்மா கழிப்பறைக்குப் போகும் நேரம் தவிர, விளக்கு அணைந்திருந்தாலும் பெல்ட்டைத் தளர்வாகப் போட்டுக்கொண்டே இருக்கட்டும். உறங்கினால் போர்வைக்கு மேலே பெல்ட் தெரிய வேண்டும். இல்லையெனில் அதைச் சரிபார்க்கப் பணிப்பெண் அவரை எழுப்புவார், அவர் பயந்துபோவார்.

14 செப்டம்பர், காலை 6.30

காசிமேட்டுப் பெண்ணுக்கு நீச்சல் சொல்லியா தர வேண்டும் என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். எனக்கு நீச்சல் தெரியாது. எங்கள் தெருவில் ஆண்பிள்ளைகளுக்குத்தான் கடல், எங்களுக்குக் கரை. பயிற்சியில் குளத்தில் தள்ளியபோது பாதிக் குளத்தைக் குடித்தேன். மூன்றாம் முயற்சியில் தேறினேன்.

உயிர்காப்பு அங்கியை உள்ளேயே ஊதக்கூடாது என்று ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறோம் என்பதற்கு 1996 நவம்பர் 23 விடை. கடத்தப்பட்ட எத்தியோப்பிய விமானம் எரிபொருள் தீர்ந்து கொமோரோ தீவுகளின் கரையோரம் கடலில் விழுந்தது. விழும் முன்பே அங்கியை ஊதிவைத்திருந்த பலர், நீர் புகுந்தபோது கூரையோடு அழுந்தி, குனிந்து கதவுக்கு வர முடியாமல் மாண்டனர். 175 பேரில் 125 பேர் இறந்தார்கள். வாசலைக் கடந்தபின் சிவப்புக் கயிற்றை இழுக்க வேண்டும். அப்பாவிடம் இதைச் சொன்னபோது, மூழ்கும் படகின் கேபினுக்குள் மிதவையைக் கட்டிக்கொள்பவன் முட்டாள் என்பது கடலில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்றார். அவரும் அவருடைய கூட்டாளிகளும் கடைசிவரை அங்கியைப் போடாமல் தலைக்கு வைத்துப் படுத்தார்கள் என்பது தனிக் கதை.

17 செப்டம்பர், இரவு 10.50

தம்பி, இனி உங்கள் அம்மாவுக்கு. இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

அம்மா, கடவுச்சீட்டும் பணமும் சின்னப் பையில் போட்டு இடுப்பில், புடவைக்குள் இருக்கட்டும், கைப்பையில் வேண்டாம். புடவை கட்டுவதானால் பருத்தி; மடிப்பை ஊக்கால் குத்தாதீர்கள், ஊக்கு ஸ்லைடையும் அங்கியையும் கிழிக்கும். இருக்கையில் அமர்ந்ததும் முன்னாலும் பின்னாலும் கதவு வரை எத்தனை இருக்கை முதுகுகள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். புகையில் கண் தெரியாது, கைக்குத் தெரியும். பெல்ட் வயிற்றில் இருக்கக்கூடாது, இடுப்பெலும்பின் மேல் இறுக்கமாக இருக்க வேண்டும். கார் பெல்ட் போல் அமுக்கித் திறக்காதீர்கள். மூடியைத் தூக்க வேண்டும். பதற்றத்தில் பலர் அமுக்கிக்கொண்டே இருப்பார்கள்.

மேலிருந்து முகமூடி விழுந்தால், இழுத்து, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுங்கள். 2018 ஏப்ரலில் ஓர் அமெரிக்க விமானத்தின் ஜன்னல் உடைந்தபோது எடுத்த படத்தில் பலர் வாயை மட்டும் மூடிக்கொண்டிருந்தனர். முகமூடியில் தொங்கும் பை உப்பாவிட்டாலும் காற்று வரும். அதிக உயரத்தில் தெளிவாக யோசிக்க ஒரு நிமிடம்கூட இருக்காது, அதனால்தான் முதலில் உங்களுக்கு, பிறகு பக்கத்திலிருக்கும் பிள்ளைக்கு. திரும்பி வரும்போது பேரக்குழந்தை மடியில் இருந்தால், உங்கள் பெல்ட்டுக்குள் அதை வைத்துக் கட்டாதீர்கள். உங்கள் எடை அதை நசுக்கும். கைக்குழந்தைக்குத் தனியாக ஒரு வளையப் பெல்ட் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

தம்பி தரும் பவர் பேங்க் கையில் வரட்டும், கீழே போடும் பெட்டியில் வைக்காதீர்கள். சூடாகத் தோன்றினால் வெட்கப்படாமல் மணியை அழுத்துங்கள். அந்தத் தீக்குத் தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்கத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஸ்லைடில் இறங்க நேர்ந்தால் வாசலில் உட்காரக் கூடாது, குதிக்க வேண்டும். அந்தப் பெண் "வா, குதி" என்று கத்தினால் தப்பாக நினைக்காதீர்கள்.

22 செப்டம்பர், காலை 9.25

தண்டையார்பேட்டைத் தம்பி செய்தி அனுப்பியிருக்கிறார். அம்மா பத்திரமாகச் சேர்ந்துவிட்டார். முன்கதவுக்குப் பதினொன்று, பின்கதவுக்கு ஏழு என்று எண்ணி வைத்திருக்கிறார். செய்முறை முடிந்ததும் அந்தப் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, தன் அங்கி இருக்கைக்கடியில் உண்மையிலேயே இருக்கிறதா என்று காட்டச் சொல்லியிருக்கிறார். என் பணிக்காலம் முழுவதிலும் என்னிடம் இதைக் கேட்டவர்கள் நான்கு பேர். சக்கரம் தொட்டதும் வரிசையே எழுந்ததால் அவரும் எழுந்துவிட்டாராம், அதை என்னிடம் சொல்ல வேண்டாம் என்றாராம். கடவுச்சீட்டு புடவைக்குள் ஆழமாகப் போய்விட்டதால், குடிநுழைவு அதிகாரியின் முன்னால் அதை எடுக்க ஐந்து நிமிடங்கள் ஆயின. பின்னால் நின்ற வரிசை முணுமுணுத்ததாம்.

தம்பி, திரும்பி வரும்போது அதைப் புடவைக்கு மேலே கட்டச் சொல்லுங்கள்.